வெட்டாத உரை

அமீரா புலம்பெயர்ந்த நாட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் நடுவில் அஜின்கோர்ட் நூலகத்தில் இருந்து இரண்டு வருசமாகப் பாலஸ்தீன வரலாறு படித்தாள். தமிழ் வாசகர் வட்டத்தில் அதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். 2025 ஒக்ரோபரில், காசாவில் போர்நிறுத்தம் வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய முறை.

உரையை முன்கூட்டியே அனுப்பியதுதான் பிழை.

வியாழக்கிழமை வட்டத்தின் தலைவர் தில்லையம்பலம் போன் எடுத்தார். "பிள்ளை, நாற்பத்தெட்டில ஏழு லட்சம் அராபியர் ஊரை விட்டுப் போன பகுதி வேண்டாம். மண்டபக்காரர் பிரச்சினைப்படுத்துவினம்."

"சும்மா போகேல்லை அண்ணை. துரத்தினதாலயும் பயத்திலயும் ஓடினவை. பிறகு திரும்பி வர விடேல்லை."

"உந்தப் பகுதியைத்தான் எடுக்கச் சொல்லுறன்."

"எடுக்க மாட்டன்."

மறுநாள் அவள் நானா என்று கூப்பிடும் தமையன் அன்ஸார் வீட்டுக்கே வந்தான். அவனுக்கு வேறு கோபம். "ஐரோப்பாவில கொலைமுகாமில தப்பின யூதர், பக்தாத்தை விட்டு ஓடின யூதர்... உதுகள் ஏன்? காசாவில பிள்ளையள் செத்துக் கிடக்கேக்க நீ அவைக்கும் அழப் போறியா?"

"அவைக்கும் போக இடமில்லை, நானா. அது நடந்தது."

"துரோகி எண்டு சொல்லுவினம்."

"சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பூட்டியிருந்தது. கதவில் 'கூட்டம் இரத்து' என்று தாள் ஒட்டியிருந்தது. வந்திருந்த இருபத்தைந்து பேரும் தூறலில் கார்களுக்குத் திரும்பினார்கள். அமீரா கார்த் தரிப்பிடத்தின் நடுவில் போய் நின்று, பஸ்ஸில் பிள்ளைகளை அடக்கும் குரலில் தொடங்கினாள்.

"ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினேழு. பிரித்தானிய மந்திரி ஒருவர் தன்ரையில்லாத நிலத்தைப் பற்றி ஒரு கடிதம் எழுதிறார்."

கார்க் கதவைத் திறந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நாற்பத்தெட்டைச் சொன்னபோது நாலு கார் வெளிக்கிட்டது. பக்தாத்துக்கு வந்தபோது இன்னும் மூன்று. அன்ஸார் தன் வான் வண்டியில் சாய்ந்து கையைக் கட்டியபடி நின்றான்.

தில்லையம்பலம் ஓடி வந்தார். "பிள்ளை, நிப்பாட்டுங்கோ. பொலிசைக் கூப்பிடுவினம்!"

"கூப்பிடட்டும் அண்ணை. அவையும் நிண்டு கேக்கட்டும்."

முடித்தபோது பதினொரு பேர் மிச்சம். அவர்களில் ஒருத்தி, ஒஷாவாவில் தாதியாக இருக்கும் அனோஜா, கேட்டாள், "போர் நிண்டிட்டுது. பிறகும் ஏன் அக்கா இந்தப் பிடிவாதம்?"

"தொண்ணூறில யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டு வெளியேறப் புலிகள் தந்தது இரண்டு மணித்தியாலம். எனக்குப் பன்னிரண்டு வயசு. உடுத்த உடுப்போட லொறியில ஏறினம். எங்கட ஊர்ப் போர் முடிஞ்சு பதினாறு வருசம். இப்பவும் அதைச் சொல்ல வாயெடுத்தா, இப்ப ஏன் எண்டுதான் கேக்கினம். எப்பதான் சொல்லுறது?"

அதே லொறியில் ஏறிய அன்ஸார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

செவ்வாய்க்கிழமை அவளை வட்டத்திலிருந்து நீக்கிவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அன்றைக்கே, அதே உரையைத் திரும்பப் பேச நூலகத்தில் அறை ஒன்று கேட்டாள். அறைக்குப் பொறுப்பாக இரண்டு பேருடைய பெயர் வேண்டும் என்றார்கள். அன்ஸாருக்குப் போன் எடுத்தாள்.

"பக்தாத் கதை எனக்கு இன்னும் சரியாப் படேல்லை," என்றான் அவன். "எண்டாலும் என்ரை பேரைப் போடு," என்றான்.