ரிலீவர் வரும்வரை

போன ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே காலுக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பெனி வேனுக்குக் காத்திருந்த லோகு கணுக்கால் வரை தார் ரோட்டுக்குள் இறங்கினான். ரோடு புதிதாகப் போட்டது. விரிசல் எதுவும் இல்லை. இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் ஏழு வருடமாக கான்ட்ராக்டில் லோடு ஏற்றுகிறவன் அவன். வேன் வந்தது, மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள், லோகுவால் காலைத் தூக்க முடியவில்லை. ஷிஃப்ட் முடிந்து அவர்கள் திரும்பியபோது பாதி முழங்கால் வரை இறங்கியிருந்தான்.

யாரும் நம்பவில்லை. அவன் இறங்குவது கண்ணெதிரே தெரிந்தது, அது தானாக நடக்கிறது என்பதைத்தான் நம்பவில்லை. பெர்மனென்ட் வேலை கேட்டு நாடகம் ஆடுகிறான் என்றார் சூப்பர்வைசர். எதிரே டீக்கடை வைத்திருக்கும் கங்கம்மா, தன் கடையைக் காலி செய்ய யாரோ நட்டுவிட்டுப் போன ஆள் என்று முடிவுகட்டி, அவனுக்கு டீ தருவதை நிறுத்தினாள். கேட்டுக்கு வெளியே நடப்பது எங்கள் பொறுப்பல்ல என்றது ஆலை. புதன்கிழமை ஒரு ஜேசிபி வந்து சுற்றிலும் தோண்டப் பார்த்தது. தோண்டத் தோண்ட அவன் வேகமாக இறங்கவே, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனது.

அவன் மனைவி செண்பகம்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். யாராவது கையைப் பிடித்திருந்தால் அவன் இறங்குவதில்லை. விட்டால் இறங்குவான், இழுத்தாலும் மேலே வரமாட்டான். இரவும் பகலுமாக அவளே பிடித்திருந்தாள். கண் அசந்து பிடி தளரும்போதெல்லாம் அவன் கொஞ்சம் இறங்கினான். போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டாள். எல்லோரும் நின்றார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள், கையை மட்டும் நீட்டவில்லை. அடிபட்டவனைத் தூக்கினால் சாட்சி சொல்ல அலைய வேண்டும் என்று பயந்தே பழகியவர்கள் நாம். தொட்டால் நம் தலையில் விழும் என்று ஒதுங்கினார்கள். வெட்கக்கேடுதான். இதை எழுதுகிறவனும் அந்த வழியாகத்தான் தினம் போய்வந்தான்.

வெள்ளிக்கிழமை இடுப்பு வரை போய்விட்டான். அன்று மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சின்னராசு. அதே ஆலையில் இரும்பைக் காய்ச்சும் ஃபர்னஸில் இருபத்திரண்டு வருடம். வீட்டில் கட்டிக் கொடுத்த சோற்றையே திறந்து பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பார், அத்தனை நம்பிக்கை உலகத்தின் மேல். செண்பகத்துக்குப் போன் வந்த நேரம் அவர்தான் பக்கத்தில் நின்றிருந்தார்.

“அண்ணா, ஸ்கூல்ல புள்ளைக்கு ஜுரமாம். கொஞ்சம் புட்ச்சிக்கினு இரு, தோ வந்துர்றேன்.”

சொல்லிவிட்டு லோகுவின் கையை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினாள். ஃபர்னஸ்காரர்களுக்கு ஒரு சட்டம் உண்டு: அடுத்த ஷிஃப்டுக்கு மாற்றிவிடும் ரிலீவர் வந்து கை வைக்காமல் முன்னவன் கை எடுக்கக் கூடாது. எடுத்தால் யாராவது வெந்துபோவார்கள். சின்னராசுவுக்கு அந்தப் பழக்கம் எலும்பில் ஊறியிருந்தது.

“இன்னாடா லோகு, உண்மைய சொல்லு. எவன் சொல்லி இத்த பண்றே?”

“எவனும் சொல்லலண்ணா. கை வலிச்சா வுட்ரு.”

“வுட்ருன்றே. ரிலீவர் வராம எப்பிட்றா வுடறது?”

செண்பகம் குழந்தையோடு ஆஸ்பத்திரியில் மாட்டிக்கொண்டாள். பொழுது சாயும்போது சின்னராசுவுக்குத் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. லீவில் இருந்த ஃபர்னஸ் கூட்டாளி தேசப்பனுக்குப் போன் போட்டு, “டேய், ரிலீவர் வர்ல, நீ வா,” என்றார். தேசப்பன் எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. ஹெல்மெட்டும் பூட்ஸுமாக ஆலைக்குப் பறந்தவன், வழியில் சின்னராசுவைக் கண்டு வண்டியை நிறுத்தினான். கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு லோகுவின் கையை வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகு அவனாலும் விட முடியவில்லை. அவன் இன்னொரு ஃபர்னஸ்காரன் அன்புசெல்வனைக் கூப்பிட்டான்.

கை பிடிக்க இப்போது மூன்று ஷிஃப்ட். பெயர்ப்பட்டியல் கங்கம்மா கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முறை. மற்ற ஆலைகளிலிருந்தும் வருகிறார்கள். ரோட்டுக்கு வெள்ளைக்கோடு போட்டவர்கள் லோகுவைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கிறார்கள். அவன் அதற்குமேல் இறங்கவில்லை, ஏறவுமில்லை. வெளியூர் லாரிக்காரர்களுக்கு வழி சொல்கிறான். சின்னராசு ஸ்டூலில் உட்கார்ந்து, இவன் நடிக்கிறான் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார். சொல்லும்போது தன் இன்னொரு கையாலும் அவன் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறார்.