போனுக்குள் குடியிருந்தவள்

ஒன்பது மாதம் நுரையீரல் வார்டில் கிடந்துவிட்டு வீடு திரும்பிய தையல்காரியை வரவேற்க வாசலில் மூன்று பேர் நின்றார்கள். புருஷன், தங்கை, தங்கையின் இடுப்பில் மகள் சுண்டு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் புருஷன் அன்றைக்கு லீவு போட்டு, கையிலிருந்த கிரீஸ் கறையைத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவியிருந்தான். தங்கை அழுதாள். மகள் மட்டும் வந்தவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு சித்தி இந்த ஆன்ட்டி?" என்றாள்.

பெற்றவளுக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்! தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வயதில் விட்டுப்போன பிள்ளை, இப்போது மூன்றாகப் போகிறது, மறந்திருக்கும், நாலு நாளில் ஒட்டிக்கொள்ளும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறந்திருந்தால்கூடப் பரவாயில்லையே. சுண்டு தன் அம்மாவை ஒரு நாள்கூட மறக்கவில்லை. அதுதான் வினையாகிப் போனது.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போன முதல் வாரம் சுண்டு அழுத அழுகையில் வீடே இரண்டுபட்டது. தாங்க முடியாத சித்தி, வீட்டில் கிடந்த பழைய செல்போனைத் தூக்கிக் காட்டி, "அம்மா எங்கயும் போகலடி, இதோ, இதுக்குள்ளதான் இருக்காங்க" என்று ஒரு போடு போட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் போனில் வீடியோ காலில் அம்மா வந்தாள், முகக்கவசமும் நீலத் தொப்பியுமாக. அழுகை டக்கென்று நின்றது. நின்றதே போதும் என்று எல்லோரும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது மாதமும் தினம் ஐந்து மணிக்கு அதே கவசம், அதே தொப்பி. மெக்கானிக் பழைய பிரேக் கம்பியை வளைத்து, போன் உட்கார ஒரு நாற்காலியே செய்து கொடுத்தான். சாப்பிடும்போது போனுக்கும் ஒரு தட்டு. தூங்கும்போது போனுக்கும் ஒரு தலையணை, மேலே கைக்குட்டைப் போர்வை.

இதைக் கேட்டு வார்டே வயிறு வலிக்கச் சிரித்தது. தையல்காரியும் சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா? "ஆமாடி தங்கம், இதுதான் அம்மா வீடு. உள்ள மெத்தை இருக்கு, ஜன்னல் இருக்கு" என்று தன் வாயாலேயே சொன்னாள். இப்போது யாரை நொந்துகொள்வது?

தையல்காரி வீடு வந்தது செவ்வாய்க்கிழமை. ஞாயிறு காலை தங்கை கிளம்பியாக வேண்டும். இனியும் லீவு கேட்டால் அவளுடைய வேலை போய்விடும். ஆக, கையில் இருந்தது ஐந்தே நாள். அதற்குள் சுண்டு அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும், ஒரு தடவை மடியில் உட்கார வேண்டும். தையல்காரி வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

போனில் இனி கூப்பிடுவதில்லை என்று மூன்று பேரும் பேசி முடிவெடுத்தார்கள். சுண்டு கவலைப்படவில்லை. "அம்மா தூங்குறாங்க. குளிருதுல்ல, அதான்" என்று போனை இன்னும் இறுக்கிப் போர்த்தினாள்.

குளிரும் அப்படித்தான் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் காலையெல்லாம் தண்ணீர் வழிந்தது. துவைத்த துணி மூன்று நாளாகியும் காயாமல் சமையலறைக் கொடியிலேயே தொங்கியது. அந்தச் சமையலறையில் உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று தன் வீட்டிலேயே தங்கையிடம் கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது. பள்ளிச் சீருடை தைத்துப் பிழைத்தவள், தையல் மெஷின் மேல் குவிந்திருந்த கம்பளிகளை இறக்கி வைத்து, தூசி தட்டி, எண்ணெய் விட்டாள். சுண்டுவின் ஸ்வெட்டர் மணிக்கட்டுக்கு மேலே ஏறியிருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அளவெடுக்கக் கிட்டே போனால்தான் பிள்ளை வீல் என்று கத்துகிறதே! கொடியில் தொங்கிய ஈரக் கவுனை வைத்தே அளவெடுத்து, தடித்த துணியில் ஒரு கோட்டு தைத்தாள். கச்சிதமாக வந்திருந்தது. "ஆன்ட்டி துணி வேணாம்" என்று சுண்டு அதைக் கதவுக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி முயற்சியாக, பையிலிருந்த முகக்கவசத்தையும் நீலத் தொப்பியையும் எடுத்து மகள் எதிரிலேயே மாட்டிக்கொண்டாள். "பாருடி, அம்மா!"

"கழட்டுங்க! அது எங்க அம்மாது!" என்று சுண்டு கையையும் காலையும் உதறி அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தையல்காரிக்கு மானமே போயிற்று. திருடியைப் பிடித்த மாதிரியல்லவா கத்துகிறது!

ஞாயிறு காலை தங்கை போய்விட்டாள். "அக்கா, நான் நல்லது நெனச்சுத்தான்கா சொன்னேன்" என்று தெருமுனை வரை அழுதுகொண்டே போனாள். சுண்டு பாலைத் தொடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டாள். மேஜைக்கு அடியில் போனோடு போய் உட்கார்ந்தவள் வெளியே வரவே இல்லை. மெக்கானிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"எல்லாம் இந்தச் சனியனாலதான். ஒரு நாள் அழுவா, அப்புறம் சரியாயிடும்" என்று போனைப் பிடுங்கி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டான்.

சுண்டு அழுதிருந்தால்கூடத் தேவலாம். அலமாரிக் கதவில் கன்னத்தை வைத்து, "அம்மா, பயப்படாத. இருட்டா இருக்கா? நான் இங்கதான் இருக்கேன்" என்று மெல்லமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மத்தியானம்வரை அதே இடம், அதே பேச்சு. வெறுந்தரையில் அந்தப் பிஞ்சுக் கால் நீலம் பாரித்துக் கிடந்தது.

"சாவியக் குடுங்க" என்றாள் தையல்காரி.

"இளகிடாத. இப்ப விட்டா எப்பவும் விட்டதுதான்."

"பட்டினியா கிடக்குதுங்க. எம்மேல பாசம் வரணும்னு எம்புள்ளையக் கொல்லச் சொல்றீங்களா?"

அவன் சாவியை நீட்டினான். அவள் அலமாரியைத் திறந்து, போனை மகள் கையில் கொடுத்துவிட்டு, தன் போனோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தொப்பியை மாட்டினாள், கவசத்தை மாட்டினாள், கூப்பிட்டாள்.

"அம்மா!" ஐந்து நாளாக அவள் ஏங்கிக் கிடந்த குரல் அது. "எங்கம்மா போன? அப்பா உன்னப் பூட்டிட்டாரு. பயந்துட்டியா?"

"இல்லடி கண்ணு. நீ இருக்கியே."

"சித்தி போயிட்டாங்க. ஒரு ஆன்ட்டி வந்திருக்காங்க. அழுதுகிட்டே இருக்காங்க. அவங்களுக்கு வீடு இல்லியாம்மா?"

இப்போது இல்லாவிட்டால் எப்போது என்று தையல்காரி கவசத்தை மெல்ல இறக்கினாள்.

"ஐயோ, ஆன்ட்டி! எங்கம்மா வீட்டுக்குள்ள ஏன் போனீங்க? வெளிய வாங்க! அம்மா எங்க? அம்மா!"

பதறிப்போய்க் கவசத்தை ஏற்றினாள். "இருக்கேன்டி, இருக்கேன். அம்மாதான். ஆன்ட்டி போயிட்டாங்க." ஆனது ஆகட்டும், முதலில் பிள்ளையின் வயிறு நிறையட்டும். "சுண்டு, அம்மா சொன்னா கேப்பியா? அந்த ஆன்ட்டி ரொம்ப நல்லவங்க. அவங்க ஊட்டினா சாப்பிடுவியா?"

சுண்டு தலையை ஆட்டினாள். "நீ சொன்னா சாப்பிடுறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள் சுண்டு. தட்டோடு வந்து உட்கார்ந்தவளிடம் வாயைத் திறந்தாள். முதல் வாய். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அந்தச் சின்ன உதடு விரலில் பட்டபோது தையல்காரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாசலில் நின்ற மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாவது வாயும் உள்ளே போயிற்று.

"அம்மா, நான் சாப்பிடுறேன் பாரு" என்றாள் சுண்டு, போனைப் பார்த்து. போன் மூச்சு விடவில்லை. "அம்மா?"

பிள்ளையின் முகம் கோணத் தொடங்கியது. "இரு, தண்ணி எடுத்துட்டு வர்றேன்" என்று தையல்காரி உள்ளே ஓடினாள். மறுபடியும் தொப்பி, கவசம். "பாத்தேன்டி, சமத்து!" திரும்ப ஓடிவந்து மூன்றாவது வாய்க்குப் பிசைந்தாள். போன் மறுபடியும் ஊமையானது.

சுண்டு வாயைத் திறக்கவில்லை. போனைப் பார்த்தாள், சாத்தியிருந்த உள்ளறையைப் பார்த்தாள், எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, யோசித்துக் கண்டுபிடித்துவிட்டது.

"ஆன்ட்டி, நீங்க இங்க இருந்தா அம்மா பேச மாட்டேங்குறாங்க. நீங்க உள்ள போனாதான் வர்றாங்க." சுண்டு அவள் முழங்கையைத் தொட்டாள், தானாகத் தொட்டது அதுதான் முதல் தடவை. "உள்ளயே இருங்க ஆன்ட்டி. வெளிய வராதீங்க, என்ன?"

"சரிம்மா" என்றாள் தையல்காரி. எச்சில் கையோடு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெளியே போன் அடித்தது.

"அம்மா!" சுண்டுவின் குரலில் அப்படியொரு சந்தோஷம். "அந்த ஆன்ட்டி போயிட்டாங்கம்மா!"