பக்ருதீன் வீட்டுப் படக்குழாய்

1977 பிப்ரவரி 9ஆம் தேதி, அரூர் பஸ் நிலையத்தில், மெட்ராஸிலிருந்து திருவண்ணாமலை வழியாக வந்த வண்டியின் கூரையிலிருந்து ஒரு டெலிவிஷன் பெட்டி இறக்கப்பட்டது.

பெட்டி புளி மண்டி பக்ருதீன் பாயுடையது. திருவல்லிக்கேணியில் இருந்த அவர் தம்பி புதிது வாங்கிவிட்டு, பழையதை அண்ணனுக்கு அனுப்பியிருந்தார். பாயின் மகள் ஷகிலா மெட்ராஸில் டாக்டருக்குப் படித்துவிட்டு அங்கேயே ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தாள். 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை அவள் டெலிவிஷனில் ரத்தசோகையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசப்போகிறாள். அதை அவளைப் பெற்ற ரஹமத் பீவி பார்க்க வேண்டும். அதற்காகத்தான் பெட்டி.

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் என் கடைப் பலகை. மெட்ராஸில் டெலிவிஷன் நிலையம் தொடங்கிய வாரமே, 'சென்றாயன் ரேடியோ' என்பதற்குப் பின்னால் 'டெலிவிஷன்' என்று சேர்த்து எழுதச் சொல்லியிருந்தேன். அதுவரை நான் டெலிவிஷனைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, சேலம் பொருட்காட்சியில். அப்போது அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

பாய் வீட்டு மொட்டைமாடியில் சவுக்குக் கம்பம் நட்டு, ஆண்டெனாவின் அலுமினியக் கம்பிகளைக் கிழக்கே பார்த்துக் கட்டினேன். தெருவில் இருபது பேர் அண்ணாந்து நின்றார்கள். கீழே வந்து சுவிட்சைப் போட்டேன். திரை வெளுத்தது. புள்ளிகள் கொட்டின. இரைச்சல் வந்தது.

"என்னங்க மெக்கானிக்கு, ஒரே ரவையா கொட்டுது?" என்றார் ரஹமத் பீவி.

"சூடாகட்டும் பாயம்மா."

அரை மணி நேரம் சூடானது. ரவை நிற்கவில்லை.

"நம்ம ரேடியோவுல ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல முள்ளு நின்னா இப்படித்தானே இரையும்? மெட்ராஸ் இங்க எட்டலியோ என்னமோ."

"ரேடியோ வேற, டி.வி. வேற பாயம்மா."

"சும்மா இரு புள்ள," என்றார் பாய். "அவரு பலகையே எழுதி வெச்சிருக்காரு. நீ எழுதி வெச்சிருக்கியா?"

டெலிவிஷன் அலைகள் நேர்கோட்டில் போகும், ரேடியோ அலை போல வெகுதூரம் வராது என்று ஒரு பத்திரிகைக் கட்டுரை சொன்னது. அதை வெட்டி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். இரண்டு முறை படித்தும் இருந்தேன். ஆனால் நிலையம் எட்டவில்லை என்று ஒப்புக்கொண்டால் அந்த வீட்டில் எனக்கு வேலையில்லை. பெட்டியில் கோளாறு என்றால்தான் நான் மெக்கானிக். ஆகவே கோளாறு என்றேன்.

முதலில் வால்வுகளைச் சந்தேகப்பட்டேன். ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஒரு வாரம் போனது. பிறகு, ரேடியோவில் வால்வு கிழடு தட்டுவதுபோல இதில் படம் விழும் கண்ணாடிக் குழாய், அதாவது படக்குழாய், கிழடு தட்டிவிட்டது என்று முடிவுக்கு வந்தேன். அதைக் கழற்றும்போது உச்சியில் இருந்த ரப்பர் மூடியைத் தொட்டேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் புளி மூட்டைமேல் மல்லாந்து கிடந்தது. பெட்டியை அணைத்த பிறகும் அந்த இடத்தில் மின்சாரம் தங்கியிருக்கும், முதலில் அதை இறக்கிவிட வேண்டும் என்பது என்னிடம் இருந்த புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. எட்டாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கியவன் நான். முதல் ஏழு பக்கமும் முன்னுரை மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.

"டியூபு போயிருச்சுங்க பாய். மெட்ராஸ் போயி வேற மாத்திட்டு வந்துடறேன்," என்றேன். அன்று 23ஆம் தேதி, புதன்.

ரஹமத் பீவி உள்ளேயிருந்து வந்தார். "அப்ப நாளைக்கு நானும் உங்க கூடவே வண்டியேறிடறேன். கொழுந்தனார் வூட்டுல புதுப்பொட்டி இருக்குது. அங்கயே பாத்துக்கறேன்."

"எதுக்குங்க அலைச்சல்? வெள்ளிக்கெழமை மத்தியானத்துக்குள்ள வந்து மாட்டிருவேன். நீங்க உங்க வூட்டுலயே உக்காந்து பாக்கலாம்."

"நிச்சயமாத்தானே?"

"நிச்சயமாங்க."

வியாழன் காலை கிளம்பினேன். குழாயைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். செங்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மாள், "கொழந்தைக்குக் காத்து வேணாமா, தலையத் தொறந்து விடுங்க," என்றார். திறந்து காட்டினேன். அவர் வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மெட்ராஸில் ரேடியோ சாமான் விற்கும் ரிச்சி தெருவில் சவுரியப்பன் என்பவர் கடையைக் காட்டினார்கள். அந்த அளவுக் குழாய் நாளைக்கு மூன்று மணிக்குத்தான் வரும் என்றார். அப்போதே நான் திருவல்லிக்கேணியில் பாயின் தம்பி வீட்டுக்குப் போய், அரூருக்கு ஒரு டிரங்க் கால் போடச் சொல்லியிருக்கலாம். இரவு வண்டி ஏறியிருந்தால் ரஹமத் பீவி காலையில் மெட்ராஸில் இருந்திருப்பார். ஆனால் தம்பி வீட்டுப் பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்; அதன் எதிரே நின்று பேச வேண்டும். நான் லாட்ஜில் படுத்துக்கொண்டேன். ஒரு நிகழ்ச்சி போனால் என்ன, பெட்டி பல வருஷம் உழைக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை புதுக்குழாய் ஐந்தரைக்கு வந்தது. சவுரியப்பன் உடனே கொடுக்கவில்லை.

"பழசைப் பாத்துட்டு விக்கறதுதான் நம்ம பழக்கம். கொஞ்ச நேரத்துல ஒளிபரப்பு வந்துரும்."

என் குழாயைத் தன் சோதனைப் பெட்டியில் மாட்டினார். சுவிட்சைப் போட்டார். செய்தி வாசிப்பவரின் மீசை ஒவ்வொரு முடியாகத் தெரிந்தது.

"எந்த ஊரு சார்?"

"அரூருங்க. தர்மபுரி ஜில்லா."

"அங்க யாரு சார் உங்களுக்குப் படம் அனுப்பறாங்க?"

நான் போர்வையை மடித்தேன். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. சிரிக்காமல் இருந்தார், அது பெரிய மனசு. டீ வரவழைத்தார். டீ முடிவதற்குள் அறிவிப்பு வந்தது. திரையில் ஷகிலா. பாயின் மூக்கு, ரஹமத் பீவியின் நெற்றி. கீரை, முருங்கை, பேரீச்சை என்றாள். நான் செத்துப்போனதாகச் சொல்லிய குழாயில் பத்து நிமிடமும் ஒரு புள்ளிகூட விழவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அரூரில் இறங்கி நேரே பாய் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் குழாயில்லாத பெட்டியின் எதிரே நான்கு நாற்காலிகள் அப்படியே கிடந்தன. பாய் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"டியூபு நல்லாத்தான் இருக்குதுங்க. பாயம்மா சொன்னதுதான். மெட்ராஸ் இங்க எட்டாது," என்றேன்.

"பேசினாளா?" என்றார் ரஹமத் பீவி.

"பேசினாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேங்க. இந்த டியூப்லதான்."

அவர் போர்வையை விலக்கிக் குழாயைப் பார்த்தார்.

"எளைச்சிருந்தாளா?"

"மொகம் மட்டுந்தான் காட்டுனாங்க."

"மொகம் எளைச்சிருந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அந்தப் பதினேழு நாளில் அந்த வீட்டில் நான் ஒப்புக்கொண்ட உண்மைகளில் அது இரண்டாவது.

குழாயை மாட்டிக் கொடுத்தேன். மார்ச்சில் பெட்டி மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஷகிலாவின் பேச்சு மறுபடி ஒளிபரப்பாகவில்லை. ரஹமத் பீவி அதைப் பார்க்கவில்லை.