ஒரு அங்குலம் நீளமாக விட்ட பேண்ட்

சனிக்கிழமை என் மகள், என் தங்கையைக் கொன்றவனைப் பார்க்கப் போவதாக இருந்தாள். அதற்குப் போட்டுக்கொள்ள நீலச் சட்டையை இடுப்பில் பிடித்துத் தரச்சொல்லி, புதன்கிழமை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள். நான் தையல்காரி. ஊரார் துணியையெல்லாம் பிடித்தும் பிரித்தும் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அதற்காக, பெற்றவளிடம் கேட்கிற வேலையா இது என்று அவளுக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை.

அவன் மூன்று வருடத்தில் நான்கு பெண்களைக் கொன்றவன். என் தங்கை மூன்றாவது. நால்வரிடமும் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்தான் என்பதால் பத்திரிகைக்காரர்கள் அவனுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவன் நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறான், வாசலில் நின்று வாய் நிறையக் கூப்பிடலாம். என் தங்கையை வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம். அது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அவன் ஆயுள் தண்டனையில் உள்ளே இருக்கிறான், இருபத்திரண்டு வருடமாகிறது.

ஊரும் மறந்துதான் போயிருந்தது. போன வருடம் யாரோ ஒருவர் இதைக் கிளறி எடுத்துப் பன்னிரண்டு பாகமாக ஒலித்தொடர் செய்தார். கேட்கிறவர் காதில் தேனை ஊற்றுகிற மாதிரி குரல். முதல் இரண்டு பாகமும் அவனுடைய சிரிப்பைப் பற்றி, தேய்த்த மடிப்புக் கலையாத உடையைப் பற்றி, வயதானவர்களுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பண்பைப் பற்றி. என் தங்கை ஏழாவது பாகத்தில் வந்தாள். பதினொரு நிமிடம். ‘தையல் கடையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண்’, அவ்வளவுதான். ஆறு நிமிடத்துக்குமேல் அவள் எப்படிச் செத்தாள் என்பதற்கே போய்விட்டது.

அதற்குப் பிறகு கடைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு பெண் கையில் துணியே இல்லாமல் வந்து, மேசையைப் படம் எடுத்துக்கொண்டு, இங்கேதானா என்று கேட்டாள். இங்கேதான், பட்டன் ஏதாவது தைக்கணுமா என்றேன். முகம் சுருங்கிப் போனாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் பாதிப் பேரை அப்படியே அனுப்பிவிட்டேன். வீட்டுக்குள் இருக்கிறவளை அப்படி அனுப்ப முடியவில்லை.

என் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். நாள் முழுக்க மிஷின் சத்தம், காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருப்பாள். பன்னிரண்டு பாகத்தையும் மூன்று தடவை கேட்டிருக்கிறாள். அவன் சித்தியைக் கொன்றவன் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும், ஆனால் அதற்குமேல் எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. நாங்கள் சொல்லாததையெல்லாம் அந்தக் குரல் சொன்னது. கேட்டுவிட்டுச் சிறைக்குக் கடிதம் எழுதினாள். ஏன் கொன்றாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டதாகத்தான் என்னிடம் சொன்னாள். எனக்குத் தெரியவரும்போது மூன்று கடிதம் போய் மூன்று பதில் வந்திருந்தது.

பதிலில் அவன் ஏன் என்று சொல்லவில்லை. லென்ஸ் தேய்க்கிற தூள் கண்ணுக்குக் கெடுதல் இல்லையா என்று கேட்டிருந்தான். இவளுக்கு அடிக்கடி தலைவலி வரும், அதை விசாரித்திருந்தான். ஆறாவது கடிதத்தில் இவளும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது, அங்கே அவருக்குத் தூக்கமே வருவதில்லையாம் என்று கவலையோடு சொன்னாள்.

கத்தினேன். கடிதங்களை ஒளித்து வைத்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். என் கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ரோட்டில். போனில் சொன்னதற்குக் காலை ஒடித்துவிடுவேன் என்றார். எண்ணூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு யார் காலையும் ஒடிக்கலாம். இவள் எதற்கும் மசியவில்லை. பார்க்க அனுமதிச் சீட்டும் தபாலில் வந்துவிட்டது. சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை.

ஆக, புதன்கிழமை மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். குண்டூசியால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டே வந்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கு என்றாள். கேள்வி கேட்கப் போகிறவளுக்கு இடுப்பு எதற்கு இறுக்கமாக இருக்க வேண்டும்? நிமிர்ந்து கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அது ஒரு காலத்தில் என்னுடையது.

யாரிடமும் சொல்லாததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவன் முதலில் என்னிடம்தான் வந்தான். புதிதாக வாங்கிய பேண்ட், அடி மடித்துத் தைக்க வேண்டும். அளவு எடுக்கும்போது என் பெயரைக் கேட்டான், கை சில்லென்று இருக்கிறதே, உடம்பு சரியில்லையா என்று கேட்டான். எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அப்படி ஒருத்தர் கேட்டு நான் அறியேன். அவன் மறுபடியும் வரவேண்டும் என்று எனக்கு இருந்தது, அதனால் வேண்டுமென்றே ஒரு அங்குலம் நீளமாக விட்டுத் தைத்தேன். போட்டுப் பார்த்தால் குதிகாலில் மிதிபடும், திருத்தக் கொண்டுவந்துதான் ஆகவேண்டும். தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிச் செய்ததில்லை.

கணக்குப்படி வந்தான். ஆனால் சாயங்காலம் வருவான் என்று நினைத்து, நல்ல உடை மாற்றிக்கொண்டு வர நான் வீட்டுக்குப் போயிருந்தேன். கடையில் வாலு இருந்தாள். அக்கா எப்படி இவ்வளவு பெரிய தப்பு செய்தாள் என்று அவனிடம் என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே பிரித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் வந்ததெல்லாம் அவளைப் பார்க்கத்தான். பொறாமையில் நான் அவளோடு சரியாகப் பேசுவதை நிறுத்தினேன். கடைசி நாள், அவனோடு வெளியூர் கிளம்பும்போது, அக்கா போயிட்டு வரேன் என்று வாசலில் நின்று சொன்னாள். நான் மிஷினை நிறுத்தவில்லை.

சொல்லி முடித்தேன். என் மகள் அதிர்ந்து போவாள், அழுவாள், என்னை அடிக்கக்கூட வருவாள் என்று நினைத்தேன். எதுவானாலும் சரி, அதற்குப் பிறகு அவனைப் பார்க்கப் போகமாட்டாள் என்ற ஒரே நம்பிக்கையில்தான் மானத்தை விட்டுச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்மா. அவர் எழுதியிருக்கார்.”

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துப் பிரித்தாள். என்னைப் புண்படுத்தக் கூடாது என்றுதான் இத்தனை நாள் காட்டவில்லையாம். படித்தாள். ‘உன் அம்மா அதை வேண்டுமென்றே நீளமாக விட்டார் என்பது போட்டுப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கைதேர்ந்தவர், அவருக்கு அளவு தப்பாது. அதற்காக அவர் இத்தனை வருடம் வருந்திக்கொண்டிருந்தால், வேண்டாம் என்று சொல். எனக்கு அவர் மேல் கோபமே இல்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.’

இருபத்திரண்டு வருடமாக இதை யாராவது என்னிடம் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். அம்மா சாகிறவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஏனென்றால் அம்மாவுக்கு எதுவும் தெரியாது. கணவருக்கும் தெரியாது. செத்தவளிடம் கேட்க முடியாது. சொல்வதற்குக் கொஞ்சமும் உரிமை இல்லாத ஒருவன் சொல்லிவிட்டான், எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. வெட்கங்கெட்டுச் சொல்கிறேன், இறங்கிவிட்டது.

“அதை இன்னொரு தடவை படி” என்றேன்.

படித்தாள்.

“என்னைப் பத்தி வேற என்ன எழுதியிருக்கான்?”

கடிதத்தை இறக்கிவிட்டுக் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அம்மா, நீ சிரிக்கிற.”

நானும் பார்த்தேன். உண்மைதான். ஐம்பத்தொரு வயதுக்காரி, கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தவள், கையில் குண்டூசியோடு சிரித்துக்கொண்டு நிற்கிறாள். இடது கை காதோரம் முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தது.

என் மகள் சட்டையை அப்படியே தலைக்குமேல் உருவினாள். ஊசி கிழித்து விலாவில் ரத்தக்கோடு போட்டது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. பழைய உடையை மாட்டிக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போய்விட்டாள். நான் அறிவுரை சொல்லி நடக்காதது, கத்தி நடக்காதது, என் சிரிப்பைப் பார்த்து நடந்தது. அவளுக்கு அங்கே தெரிந்தது நானா, இன்னும் முப்பது வருடம் கழித்து இருக்கப்போகிற அவளா, எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுமதிச் சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தாள். கடிதங்களையும் காணவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யாருடைய பாவாடையையோ எடுத்து, பிரிக்க வேண்டிய தையலைப் பிரித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் நான் மிஷினில் தைத்தேன், அவள் பிரித்தாள். பிறகு, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“சித்தி எப்படி இருப்பா?”

இத்தனை மாதத்தில் அவள் சித்தியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதான். மிஷினை நிறுத்தினேன். வாலு ஊசியில் நூல் கோக்கும்போது நாக்கை ஒரு ஓரமாகக் கடித்துக்கொள்வாள் என்று சொன்னேன். என் செருப்பைக் கேட்காமல் போட்டுக்கொண்டு போவாள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஆசையாக இருந்தது. என் உயரம் இருப்பாளா, என்னைவிட ஒல்லியா என்று கேட்டாள்.

சொல்லிவிடலாம் என்று எழுந்து நின்றேன். இதுவரைக்கும் இருப்பாள் என்று காட்டக் கையைத் தூக்கினேன். என் தோளுக்கா, காதுக்கா, எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியவில்லை. பாவாடை கட்டிய வயதிலிருந்து அவளுக்கு எல்லாமே நான்தான் தைத்தேன். டேப்பை அவள் உடம்பில் எத்தனை தடவை வைத்து எடுத்திருப்பேன். ஒரு எண்ணாவது வரும் என்று காத்திருந்தேன். வந்தது இடுப்பு முப்பத்திரண்டு, சீட் முப்பத்தெட்டு, நீளம் நாற்பது. அது அவனுடையது.

“ஞாபகம் இல்லடி” என்றேன்.