லோரெட்டாவின் ஒன்பது கிரெடிட்

லோரெட்டா பிக்கென்ஸ் பதினொரு வருஷமாக அமெரிக்காவில் அயோவாவின் ஒரு சின்ன ஊர்க் குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வயசுக் குழந்தைகளை மேய்த்து வருகிறாள். கடிபட்ட கையோடும் சளி துடைத்த தோளோடும் போன வருஷம் பரீட்சை எழுதி, குழந்தைப் பராமரிப்புச் சான்றிதழும் வாங்கிவிட்டாள். அதற்குப் படிப்புக் கணக்கில் ஒன்பது கிரெடிட் தரலாம் என்று உள்ளூர்க் கல்லூரிக் கையேட்டிலேயே போட்டிருந்தது. கிடைத்தால் காப்பகத்தில் அந்த வகுப்புக்கு அவளே தலைமை ஆசிரியை. கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள்: பட்டதாரி, டயப்பருக்கு எது முன்பக்கம் என்று லோரெட்டாவிடமே கேட்டவள்.

கிரெடிட் தருகிற இடம், வேலையில் கற்றதைப் படிப்பாக எடை போடும் கல்லூரியின் முன்கற்றல் மதிப்பீட்டுக் குழு. குழு என்றால் இரண்டு பேராசிரியர்கள். டாக்டர் கிராண்டல், குழந்தைமை பற்றி நானூறு பக்கம் எழுதியவர். டாக்டர் மாஸ்பி என்ற அம்மாள், அதை மறுத்து ஐந்நூறு பக்கம் எழுதியவர்.

"குழந்தைகளோட பழகியிருக்கீங்க, சரி. ஆனா குழந்தையை ஒரு கோட்பாடா சந்திச்சிருக்கீங்களா?" என்றார் கிராண்டல்.

"இல்ல சார். எங்கிட்ட வர்றப்ப பெரும்பாலும் ஈரமாத்தான் வரும்."

"அப்ப என்னோட 'குழந்தை: ஓர் அறிமுகம்' வகுப்புல சேருங்க. ஒரு வருஷம்தான்."

"அங்க குழந்தைங்க வருமா சார்?"

"சேச்சே! வகுப்புக்குள்ள குழந்தைகளுக்கு அனுமதி கிடையாது."

மாஸ்பி சிரித்துவிட்டார். "உங்க வகுப்புக்கு ஆள் சேரலைன்னு இந்தம்மாவைப் பிடிச்சுப் போடறீங்க. ஆறு கிரெடிட் குடுத்து அனுப்புங்க."

"ஏன், உங்க வகுப்புல மட்டும் உக்கார இடமில்லையாக்கும்!"

"படிவத்தைக் குடுங்க இப்படி!"

"நான்தான் முதல்ல எடுத்தேன்!"

படிவம் இரண்டு பக்கமும் இழுபட்டது. கிராண்டலின் கீழுதடு பிதுங்கியது. லோரெட்டா கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை. தூங்கவைக்கிற நேரம், அவள் வகுப்பிலும் உதடுகள் பிதுங்குவது இப்போதுதான்.

யோசிக்கவே இல்லை. மேஜையருகே மண்டியிட்டு, இருவர் கண்ணுக்கும் நேராக முகத்தைக் கொண்டுவந்தாள்.

"டாக்டர் கிராண்டலுக்குக் கோபம். டாக்டர் மாஸ்பிக்கும் கோபம். பரவால்ல, கோபம் வரலாம். ஆனா பேப்பரைக் கிழிக்கக் கூடாது. எங்க, மெழுகுவத்தியை ஊதற மாதிரி ஒரு தடவை ஊதுங்க பாப்போம்."

இருவரும் ஊதினார்கள்.

"சபாஷ். இப்ப ஒன்பது கிரெடிட்டுக்குக் கையெழுத்து. நீலப் பேனாவா, கறுப்புப் பேனாவா? நீங்களே சொல்லுங்க."

கிராண்டல் நெற்றியைச் சுருக்கினார். அந்தக் கல்லூரியில் ஒரு முடிவை அவரிடம் விட்டு வெகுகாலமாகிவிட்டது.

"நீலம்," என்றார்.

"எனக்கும் நீலம்தான் வேணும்!" என்றார் மாஸ்பி.

லோரெட்டா பையிலிருந்து இரண்டு நீலப் பேனாக்களை எடுத்தாள். இரண்டு வயசு வகுப்புக்காரி எதையும் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்வதில்லை.

கையெழுத்தான படிவத்தோடு அவள் எழுந்தபோது கிராண்டல் தொண்டையைச் செருமினார். "சரியா... வந்திருக்கா?"

"அடேயப்பா! கோட்டுக்கு வெளிய துளி போகாமப் போட்டிருக்கீங்களே!"

மாஸ்பியின் காதில் விழுந்ததா என்று டாக்டர் கிராண்டல் மெல்லத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.