உட்கருவில் நான்கு உருண்டைகள்

1
இந்தக் கதை எனக்கு ஒரு பிழையிலிருந்து கிடைத்தது. பிழை செய்தவள் பிரமிளா. மலேசியாவில், கோலா சிலாங்கூரில் ஒரு சிறிய மீன்நோய்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். "பேரப் போட்டே எழுதுங்க" என்று அவளே சொன்னாள். முதல் நன்றி அதற்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கடல் அன்று அமைதியாக' (அடித்துவிட்டேன். இது கடலில் நடந்த கதையே அல்ல. ஒரு சொட்டு நீரில் நடந்தது.)

2
சுங்கை பெசாரில் கடல்நீர்த் தொட்டிகளில் சியாக்காப் எனும் கொடுவா மீன் வளர்க்கிறார் நஜீபா. மீன்கள் சாகத் தொடங்கியதும் ஒன்றை எடுத்துவந்தார். பிரமிளா செவுளை நுண்ணோக்கியில் வைத்தாள். ஒற்றைச் செல் ஒட்டுண்ணி: வட்டத் தட்டு, உள்ளே பல்சக்கரம். ஒன்றைக் கண்டதும் தேடுவதை நிறுத்திவிட்டாள். அதற்கான மருந்துக் குளியலை எழுதிக் கொடுத்தாள். ஆறே நாளில் முந்நூறு மீன்கள் செத்தன.

3
நஜீபா மறுபடி வந்தார், பையில் உயிர்மீனோடு. (இங்கே அவரைக் கத்தவைத்திருந்தேன். வரைவைப் படித்த பிரமிளா மறுத்துத் தலையசைத்தாள்: "அவங்க கத்தல. அதான் தாங்க முடியல.")

"இன்னொரு தடவ பாரும்மா" என்றார், அவ்வளவுதான்.

இம்முறை அவள் அவசரப்படவில்லை. செவுள் தோலுக்கு அடியில் புதைந்து ஒரு பழுப்பு உருண்டை மெல்லச் சுழன்றது. சுற்றிலும் துடிக்கும் மயிரிழைகள். உள்ளே ஒரே இருட்டு. விளக்கைக் கூட்டிக் குறைத்துக் காத்திருந்தாள். உட்கரு தெரிந்தது: பிறைபோல் வளைந்து நான்கு உருண்டைகள்.*

"அக்கா, நான் தப்பா சொல்லிட்டேன். இது வேற."

நஜீபா கேட்டார்: "காப்பாத்த முடியுமா?"

"மிச்சம் இருக்கறத, முடியும்னு நெனைக்கிறேன்."

* 'முத்துகள்' என்று எழுதியிருந்தேன். மீனைத் தின்னும் ஒன்றுக்கு அவ்வளவு நகை வேண்டாம்.

4
வளர்ந்ததும் இந்த ஒட்டுண்ணி மீனைவிட்டு உதிர்ந்து, தொட்டியடியில் கூடுகட்டிப் பெருகும். ஆகவே மூன்று நாளுக்கொருமுறை மீன்களைச் சுத்தமான தொட்டிக்கு மாற்றினார்கள். பிரமிளா லீவு போட்டுவிட்டு வலை பிடித்தாள். பன்னிரண்டாம் நாள் செவுளில் ஒன்றுமில்லை. எழுநூறு மீன்கள் பிழைத்தன.

5
பிரமிளா தன் முதல் அறிக்கையை நீட்டினாள். "இத வச்சு நீங்க புகார் கொடுக்கலாம்க்கா."

நஜீபா அதை மடித்து அவள் கையிலேயே வைத்தார். "தப்புன்னு உன் வாயாலயே சொன்னியேம்மா. அது போதும்லா. கிழிச்சுப் போடு."

கிழித்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். கோப்பில் பத்திரப்படுத்தினாள் என்று இன்னொன்று. கேட்டால் பிரமிளா சிரிக்கிறாள். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், நஜீபா சொன்னதை மட்டும் அடித்துவிடாதீர்கள்.