மேயப் போன கவனம்

அந்த ஊரில் பிள்ளைகளின் கவனம் மேயப் போகும். ஆட்டுக்குட்டி உயரம் இருக்கும். நிறம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பள்ளிக்கூட மணி அடித்ததும் ஒன்றிரண்டு ஜன்னல் வழியாகக் குதித்து, பக்கத்து வாழைத்தோட்டத்தில் நாலு வாய் கடித்துவிட்டு, கணக்குப் பாடம் முடிவதற்குள் திரும்பிவிடும். எல்லா வீட்டிலும் உள்ளதுதான். திரும்பாமல் திரிகிறவற்றை நகராட்சி ஆட்கள் பிடித்து, தெருமாடுகளை அடைக்கிற பட்டியில் சேர்த்துவிடுவார்கள்.

பையன்களின் கவனம் கிளம்பும்போது பெஞ்சைத் தள்ளும், கரும்பலகையை முட்டும். அதனால் உடனே தெரிந்துவிடும். தையல்காரி ரெஜினாளின் மகள் பியூலாவுடையது அப்படி இல்லை. சாம்பல் நிறம். எல்லோரும் தூங்கும் வீட்டிலிருந்து கிளம்புகிற விருந்தாளி மாதிரி, சத்தமில்லாமல் எழுந்து போய்விட்டது. பியூலா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அமைதியான பிள்ளை" என்று வருடா வருடம் சொல்லி அனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் வடிவு டீச்சர் ரெஜினாளைக் கூப்பிட்டுவிட்டார்.

"இவ புத்தி எங்க மேயுதுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களாம்மா?"

"தெனமும் கேக்கேன் டீச்சர். தெரியலன்னு சொல்லுதா."

"பட்டியில போய்ப் பாருங்க. பங்குனி பொறந்தா ஏலம் விட்டுருவாங்க."

ஏலத்தில் பெரும்பாலும் நகைக்கடைக்காரர்கள்தான் எடுப்பார்கள். கடை வாசலில் ஒரு கவனத்தைக் கட்டிவைத்தால் போகிறவர் வருகிறவர் நின்று பார்ப்பார்கள். கைமாறிய கவனத்தைப் பிறகு யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

ரெஜினாள் மகளை அழைத்துக்கொண்டு பட்டிக்குப் போனாள். கம்பிக்குப் பின்னால் இருந்து சாம்பல் நிறக் கவனம் ஒன்று எழுந்து வந்து பியூலாவின் விரலை நக்கியது. பியூலா தலையை நிமிர்த்தினாள்.

"எம்மா, நீ எப்போ கண்ணாடி போட்ட?"

ரெஜினாள் கண்ணாடி போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

பட்டிக் காவல்காரர் இசக்கியப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். "ரொம்ப வருசம் வெளியவே திரிஞ்சிட்டு இப்பத்தான் சிக்கிச்சு. இவளோடதுதான் தங்கச்சி, பாத்தாலே தெரியுது. ஆனா நான் சொன்னாச் செல்லாது. இன்னாரோடதுன்னு டாக்டர் எழுதித் தரணும்."

கவனம் பார்க்கிற டாக்டர் சுற்று வட்டாரத்துக்கே ஒருவர்தான். பெரிய ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் பிரிவில் இருந்தார். வாசலில் இருந்த குமாஸ்தா நான்கு வருடம் கழித்து ஒரு தேதி கொடுத்தார்.

"அப்போ இவளுக்குப் பதினெட்டு முடிஞ்சிருமே சார்," என்றாள் ரெஜினாள்.

"முடியத்தானே செய்யும்."

"இது பிள்ளைங்க பிரிவுல்லா?"

"அதான் சீக்கிரம் வரணும்ங்கது. வரும்போது கவனத்தையும் கூட்டிட்டு வாங்க. அது இல்லாம டாக்டர் பாக்க மாட்டார்."

"அது பட்டியில கெடக்கு சார். டாக்டர் எழுதித் தந்தாத்தான் அவுத்து விடுவாங்களாம்."

"சரியாத்தான் சொல்லியிருக்காங்க," என்று குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மாசி முடியப் போகிற சமயத்தில் ரெஜினாள் தனியாகப் பட்டிக்குப் போனாள். ஏலத்துக்காகக் கவனங்களைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நாலு வருசத்துக்கு இதைத் தள்ளி வைக்கக் கூடாதா?"

"நல்லாக் கேட்ட போ. நெனச்சா தள்ளி வைக்க இது என்ன உங்க வீட்டுக் கல்யாணமா?" இசக்கியப்பன் வாளியைக் கீழே வைத்தார். "ஒண்ணு செய்யலாம். தலையை எண்ணும்போது சரியா இருந்தாப் போதும். பதிலுக்கு ஒண்ணைக் கட்டிப்போட்டுட்டு, இதை ஓட்டிட்டுப் போ."

"என்னோடது ஆகுமா?"

அவர் அவளுடைய கவனத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "உருப்படி பெரிசுதான். ஆனா வீட்டுக் கவலையைத் தின்னே வளந்திருக்கு. நகைக்கடைக்காரன் ஏறெடுத்தும் பாக்க மாட்டான். பத்திரமாக் கெடக்கும்."

ரெஜினாள் தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள். திரும்பும்போது வேறு ஊர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். சாம்பல் நிறக் கவனம் அவள் முந்தானையைக் கடித்து இழுத்து இறக்கியது.

அதன் பிறகு பியூலா படித்தாள். கேட்ட கேள்விக்குக் கேட்டவுடன் பதில் சொன்னாள். பால் பொங்கும்போது ரெஜினாள் பக்கத்தில் நின்று, நுரை ஏறுவதை விருப்பமாகப் பார்த்தாள். வடிவு டீச்சர் தைக்கக் கொடுத்த ரவிக்கைக்கு மூன்று கை வைத்தாள். டீச்சர் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்.

ஆஸ்பத்திரித் தேதி வந்தது. பியூலா ஒரு கையில் அம்மாவையும் மறு கையில் தன் கவனத்தையும் பிடித்துக்கொண்டு போய் நின்றாள்.

"பதினெட்டு தாண்டிட்டு," என்றார் குமாஸ்தா. "பெரியவங்க பிரிவுக்குப் போ. சின்ன வயசுல டாக்டர் எழுதித் தந்ததைக் கேப்பாங்க, எடுத்து வச்சுக்கோ."

அப்போது டாக்டர் வெளியே வந்தார். ரெஜினாள் மின்விசிறியைப் பார்த்து, அது சுற்றுகிற பக்கமே தலையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

"இவங்களுக்கு எப்பத்திலேர்ந்து?"

"நாலு வருசமா சார்," என்றாள் பியூலா.

அந்தப் பிரிவில், கவனம் இல்லாதவர்களுக்கு அது போன நாளிலிருந்துதான் வயதை எண்ணுவார்கள். "அப்போ நாலு வயசு," என்றார் டாக்டர். "உள்ள கூட்டிட்டு வா."

"அம்மாவோட கவனம் பட்டியில கெடக்கு சார்."

"கூட ஒரு கவனம் வந்திருக்குல்லா? யாரோடதுன்னு நாங்க கேக்கதில்ல."

டாக்டர் நிதானமாகப் பார்த்து, வயது நாலு என்றே எழுதிக் கொடுத்தார். "எல்லாரும் காலம் தாழ்த்தித்தான் கொண்டாராங்க. நீ சரியான வயசுல கொண்டாந்திருக்க மக்கா. சின்னதுலயே பாத்துட்டா ஒண்ணும் கெட்டுப் போகாது." காப்பாளர் என்ற இடத்தில் பியூலா கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயங்காலமே இசக்கியப்பன் கட்டை அவிழ்த்துவிட்டார். ரெஜினாளின் கவனம் நன்றாகக் கொழுத்திருந்தது.

திங்கட்கிழமை பியூலா அம்மாவுக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, அங்கன்வாடிக்குக் கூட்டிப் போனாள். பிள்ளைகள் பாயில் நகர்ந்து இடம் விட்டார்கள். ரெஜினாள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"முட்டை சாப்பிடுவாளா?" என்று ஆயா கேட்டார்.

"சாப்பிடுவா," என்றாள் பியூலா. "மஞ்சக்கரு தொண்டையில சிக்கும். பிச்சுப் பிச்சுக் குடுங்க."